‘நாளை வேலை முடிந்ததும்’: தமிழில் சரி, ஆங்கிலத்தில் வழுக்கும் இடம்

‘வென் தி வொர்க் ஃபினிஷ்டு டுமாரோ, ஐ வில் கால் யூ.’ நன்றாகப் படித்த நண்பர் ஒருவர் அனுப்பிய செய்தி இது. நாளை முடியப்போகும் வேலைக்கு இறந்தகால வினை எப்படி வந்தது? ‘நாளை வேலை முடிந்ததும் கூப்பிடுகிறேன்’ என்று மனதில் ஓடியதை அப்படியே பெயர்த்துவிட்டார்.

‘ஐ வென்ட் டுமாரோ’ என்று எழுதுபவர்கள் குறைவு. எழுதினாலும் தாங்களே திருத்திக்கொள்வார்கள். பிடிபடாமல் தப்புவது மேலே உள்ள வகைதான். ‘வந்தான்’ என்பதில் இருக்கும் அதே ‘வந்த்’ தான் ‘வந்ததும்’, ‘வந்த பிறகு’, ‘வந்தால்’ எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் அங்கே அது நேற்றைக் குறிப்பதில்லை. இது முடிந்தால்தான் அது என்ற வரிசையைக் காட்டுகிறது. அதனால் ‘நாளை’யோடு சண்டை போடுவதில்லை.

ஆங்கிலம் இந்த இடத்தில் நிகழ்கால வடிவத்தைக் கேட்கும்: வென் தி வொர்க் ஃபினிஷஸ், ஆஃப்டர் ஹி கம்ஸ், இஃப் இட் ரெயின்ஸ். எதிர்காலம்தானே என்று ‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என எழுதுவதும் பிழையே. ‘வில்’ மற்ற பாதிக்கு மட்டும் உரியது.

இன்னொரு பழக்கம் ‘இதோ வந்துவிட்டேன்’. சொல்பவர் அப்போதுதான் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். விரைவு, மிகவு (மிகுதி), தெளிவு, இயல்பு ஆகியவற்றால் காலம் மாறி வரலாம் என்று நன்னூலே இடம் தருகிறது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை இல்லை. ‘ஐ கேம் இன் ஃபைவ் மினிட்ஸ்’ என்றால் ஐந்தே நிமிடத்தில் வந்து சேர்ந்தேன் என்று பொருள். அதைப் படித்தவர் வாசலில் உங்களைத் தேடுவார். ‘ஐ வில் பி தேர் இன் ஃபைவ் மினிட்ஸ்’ என்று எழுதுங்கள்.

இதற்காக, ‘டுமாரோ’ இருந்தால் இறந்தகால வடிவமே கூடாது என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். வகுப்பறைகளில் அப்படிச் சொல்லித்தருவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘இஃப் ஐ வென்ட் டுமாரோ, ஐ வுட் மிஸ் தி எக்ஸாம்’ சரியான வாக்கியம். போவதாக எண்ணமில்லை என்பதை அந்த ‘வென்ட்’ உணர்த்துகிறது. ‘ஹி செட் தி மீட்டிங் வாஸ் டுமாரோ’ என்பதும் சரியே. ‘ஐ வாஸ் கோயிங் டு லீவ் டுமாரோ’ என்று ஒருவர் சொன்னால் திருத்தப் போகாதீர்கள். அவருடைய பயணம் ஏதோ காரணத்தால் தடைபட்டிருக்கிறது. என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.