வீட்டில் பூட்டிய கணினியில் ரேம் கோளாறைக் கண்டறியும் முறை

பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினி திரை வராமல் நின்றாலோ, அடிக்கடி நீலத் திரை காட்டி மீள இயங்கினாலோ, பலர் உடனே புதிய ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வாங்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். ரேம் கெடுவதுண்டு; ஆயினும் அதன் தொடுமுனைகள், அது செருகப்பட்டுள்ள ஸ்லொட், பயோஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அமைப்பு மென்பொருளில்) கொடுக்கப்பட்ட வேகம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதிக்காமல் பணத்தைச் செலவழிப்பது வீண். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

விசிறிகள் சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், மதர்போர்டின் ஓரத்தில் ரேமுக்குரிய சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டிடிஆர்4க்கு அடுத்த தலைமுறையான டிடிஆர்5 ரேமை முதன்முதலாகப் பூட்டும்போது அது தன்னைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும் என்பதால், அந்த விளக்கைக் கண்டதும் பதறி மின்சாரத்தை நிறுத்தக்கூடாது. நீலத் திரையில் 'மெமரி மனேஜ்மென்ட்' என்று வந்தாலும் அது சந்தேகத்துக்கு மட்டுமே இடம் தரும். பழுதான டிரைவர் மென்பொருளும் அதே செய்தியைக் காட்டக்கூடும்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் தொடுமுனைகளையே முதலில் பார்ப்பது நல்லது. தங்க முலாம் இலகுவில் துருப்பிடிக்காது; ஆனால் உப்புக்காற்றும் மாரிகால ஈரப்பதமும் தூசியோடு சேர்ந்து அதன் மேல் மங்கலான படலமாகப் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டபின் ரேமை ஓரங்களில் பிடித்து எடுங்கள். ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட, நூல் உதிராத துணியால் துடைத்துக் காயவிட்டாலே போதும். வெள்ளை அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. மென்மையாகத் தேய்த்தால் பாதகமில்லை, ஆனால் சொரசொரப்பான நீல அழிறப்பர் முலாமையே சுரண்டிவிடும். ஸ்லொட்டுக்குள் ஊசியோ துணியோ நுழைக்க வேண்டாம்.

மீண்டும் செருகும்போது ரேமின் வெட்டு ஸ்லொட்டின் மேட்டுக்கு நேராக இருக்க வேண்டும். பல மதர்போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே அசையும் கொக்கி இருப்பதால், அது 'டிக்' என்று பூட்டிக்கொண்ட பின்னரும் மறுமுனை ஒரு மயிரிழை மேலே நிற்கக்கூடும். பூட்டியவரின் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். இரு முனைகளையும் சமமாக அழுத்திவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள்.

அதன்பின் ஒரே ஒரு ரேமை, கையேடு சொல்லும் ஸ்லொட்டில், அதாவது நான்கு ஸ்லொட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் புரொசசரிலிருந்து இரண்டாவதில் இட்டு இயக்குங்கள். பிறகு அதே ஸ்லொட்டில் மற்றதை இடுங்கள். கோளாறு குறிப்பிட்ட ரேமைத் தொடர்ந்து சென்றால் ரேம் பழுது. நல்ல ரேமும் ஒரு ஸ்லொட்டில் மட்டும் இயங்க மறுத்தால் பழுது ஸ்லொட்டில் இருக்கலாம், அல்லது புரொசசர் சொக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கலாம். கூலரை ஒருபக்கமாக இறுக்கியதாலும் இது நேர்வதுண்டு.

ரேமை அடிப்படை வேகத்துக்கு மேல் ஓடவைக்கும் பயோஸ் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கிய பின்னரே தொல்லை தொடங்கியதாயின், அதை நிறுத்திவிடுங்கள். டிடிஆர்4 ரேமின் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட்; 3200, 3600 வேகங்களுக்கான எக்ஸ்எம்பி பொதுவாக 1.35 வோல்ட் கேட்கும். பயோஸுக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால், பயோஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்ப, பிளக்கைக் கழற்றி மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பற்றரியைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்து வைக்கலாம். வெவ்வேறு காலத்தில் வாங்கிய ரேம்களைச் சோடி சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இருக்கும் சில்லுகள் வேறாக இருக்கலாம்.

இறுதிச் சான்றுக்கு மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, நான்கு சுற்றுகள் ஓடவிடுங்கள். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால் மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாளில் தொடங்க வேண்டாம். விண்டோஸின் சொந்தச் சோதனை விரைவானது. ஆனால் சில பிழைகளைத் தவறவிடும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். எக்ஸ்எம்பியை நிறுத்தியபின் பிழைகள் மறைந்தால், எக்ஸ்எம்பி வேகத்தை ஒரு படி குறைத்து மீண்டும் சோதியுங்கள். அடிப்படை வேகத்திலும் பிழை வந்தால், ஒவ்வொரு ரேமையும் தனியே சோதித்துப் பழுதானதை அடையாளங்கண்டு, பிழைத் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். சோடியாக வாங்கியிருந்தால், உத்தரவாத ஸ்டிக்கரைக் கிழிக்காமல் இரண்டையும் சேர்த்தே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.