அடிபட்ட நாய்க்குக் கட்டுப் போடும் முன்

எங்கள் மணி பரம சாது. கண்ணாடிச் சில்லு பாதத்தைக் கிழித்த அன்று, ஆறு வருஷம் சோறு போட்ட என் கையையே கடித்துவிட்டான். வலியில் இருக்கிற நாய்க்கு ஆள் அடையாளமெல்லாம் தெரியாது. அதனால் முதலில் வாயைக் கட்டுங்கள்.

பழைய வேட்டியில் மூன்று விரல் அகலம், இரண்டு முழ நீளத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். சுருக்குப் போட்டு, பக்கவாட்டில் நின்று மூக்குத்தண்டில் மாட்டி இறுக்குங்கள். இரு முனைகளையும் தாடைக்கு அடியில் குறுக்கே மாற்றி, காதுகளுக்குப் பின்னால், இழுத்தால் உடனே அவிழ்கிற முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற நாய்க்கும், பக் மாதிரி சப்பை மூக்குக்காரர்களுக்கும் இது கூடாது.

பிறகு சுத்தமான துணியால் காயத்தை ஐந்து நிமிஷம் அழுத்துங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன், மறுபடி பீறிட்டது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. வலிக்கு நம் மாத்திரை வேண்டவே வேண்டாம். பூனைக்கு ஒரு பாராசிட்டமாலே எமன்.

உங்களைக் கடித்துவிட்டதா? குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப அத்தை ஓடி வருவார், தடுத்துவிடுங்கள். அன்றே அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி எனக்கு 0, 3, 7, 28ஆம் நாட்களில் போட்டார்கள்.