விரிசல் விட்ட பனோரமிக் சன்ரூஃப்: மின்சார எஸ்யூவியில் கண்ணாடி மாற்றுவது எப்படி

கூரைக் கண்ணாடியில் விரிசலைப் பார்த்ததும் கை தானாக சன்ரூஃப் பட்டனுக்குத்தான் போகும். திறக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். விரிசல் ஓரத்திலிருந்து மணல் மாதிரி உதிர்ந்த கண்ணாடித் தூள், கண்ணாடி நகரும் டிராக்கில் விழுந்து கிரீஸோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த முறை திறந்தபோது கூரைக்குள் யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். கண்ணாடியைக் கழற்றி மாற்றியது ஒரு காலைப் பொழுது வேலை. டிராக்கிலிருந்து தூளைத் துடைத்தெடுக்க மறுநாள் முழுவதும் போனது.

அதனால் இப்போதைக்குக் கூரை மூடியே இருக்கட்டும். விரிசல் மேல் வெளியே அகலமான ஒட்டும் டேப்பை நீளவாக்கில் ஒட்டுங்கள், உள்ளே கை எட்டினால் உள்பக்கமும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் காய்ந்த கண்ணாடியின் அடியில் ஏசி காற்று திடீரென்று அடித்தால் விரிசல் நீளும். மின்சார வண்டிகளில் போன் ஆப் வழியாகக் கிளம்பும் முன்பே கேபினைக் குளிர வைக்கும் வசதி இருக்குமே, அதைச் சில நாள் நிறுத்தி வையுங்கள். கதவைச் சாத்தும்போது ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் உள்ளே அடைபடும் காற்று கண்ணாடியை முட்டாது. பிரஷர் வாஷ் பக்கமே போக வேண்டாம்.

முதலில், உங்கள் கூரை எந்த வகை?

இதற்குப் பதில் தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கக் கூடாது. பனோரமிக் கூரையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திறக்கவே திறக்காத ஒட்டுக் கண்ணாடி. டெஸ்லா மாடல் ஒய், பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் ஆகியவற்றில் இருப்பது அதுதான். யூரித்தேன் பசையால் பாடியோடு ஒட்டியிருக்கும், ஒரு ஸ்க்ரூ கூடக் கிடையாது. இன்னொன்று, மெர்சிடீஸ் இக்யூஎஸ் எஸ்யூவியில் இருப்பது போல முன்பகுதி நகரும் கூரை. இதில் கூரையின் முன்பகுதிக் கண்ணாடி ஸ்க்ரூக்களில் நிற்கும். கூரையின் பின்பகுதிக் கண்ணாடி நகராது.

நகரும் கண்ணாடியை, பொறுமையும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால், புதியவரும் வீட்டில் மாற்றலாம். ஒட்டுக் கண்ணாடி அப்படியல்ல. அது கண்ணாடிக் கடைக்காரரின் வேலை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கண்ணாடியின் ரகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடு கோடாக விரிசல் விட்டும் அப்படியே நிற்கிறதென்றால் அது லாமினேட்டட்: இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். டெம்பர்டு (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவாக்கிய) கண்ணாடிக்கு ஒற்றை விரிசல் என்ற பேச்சே இல்லை, உடைந்தால் மொத்தமும் கற்கண்டுத் துண்டுகளாகிவிடும். (லாமினேட்டட் கண்ணாடிக்கு வழிகாட்டியது ஒரு கைத்தவறல். 1903-இல் பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனடிக்டஸ் தவறவிட்ட குடுவை உடைந்தும் சிதறவில்லை. முன்பு அதிலிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் உள்ளே படலமாகப் படிந்திருந்ததுதான் காரணம்.) பழையது எந்த ரகமோ அதே ரகத்தைத்தான் புதிதாகவும் வாங்க வேண்டும்.

கண்ணாடி வாங்கும்போது

17 எழுத்து, எண்கள் கொண்ட சேசிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். ஒரே மாடலிலேயே நிறச்சாயம், வெப்பம் தடுக்கும் பூச்சு, பட்டன் தட்டினால் மங்கும் வசதி என்று கூரைக் கண்ணாடி பல விதமாக வரும். கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் சேர்ந்தே வருகிறதா, புதிய ஸ்க்ரூக்கள் உண்டா என்றும் கேளுங்கள். இந்த ஸ்க்ரூக்கள் பலவற்றில் தளராமலிருக்கப் பசை தடவியிருக்கும், ஒருமுறை கழற்றினால் அதன் பிடி போய்விடும். பார்சல் வந்ததும் பிரித்து, நான்கு மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். மூலையில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள், நாளைய விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கருவிகள் பெரிதாக ஒன்றும் இல்லை. டார்க்ஸ் பிட்கள் (நட்சத்திர வடிவ முனை கொண்டவை), சின்ன டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று அளப்பது), பிளாஸ்டிக் நெம்பி, மாஸ்கிங் டேப், வேக்யூம் கிளீனர், கண்ணாடியைத் தூக்க இரண்டு சக்‌ஷன் கப், மில்லிமீட்டர் ஸ்கேல், தடித்த கையுறை, கண் பாதுகாப்பு. அப்புறம் இருக்கையை மூட இரண்டு பழைய போர்வை.

படி 1: வண்டியைத் தூங்க வைப்பது

சார்ஜர் இருந்தால் கழற்றுங்கள். பலர் பயப்படுவது போல உயர் மின்னழுத்த பேட்டரிக்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லை. அது தரைக்கடியில் இருக்கிறது. ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் எங்கே கண்ணில் பட்டாலும் தொடக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

உண்மையான ஆபத்து வேறு. மழை பட்டால் தானே மூடும் கூரைகள் உண்டு. ஆப்பிலிருந்து மூடும் வசதியும் உண்டு. உங்கள் விரல் டிராக்குக்குள் இருக்கும்போது வீட்டில் யாரோ போனை நோண்டினால் என்ன ஆகும்? அதனால் இப்படிச் செய்யுங்கள். உள் திரையை முழுவதும் பின்னால் தள்ளுங்கள். படி 2-இல் சொல்லும் டேப் அளவுகளை, கண்ணாடி மூடியிருக்கும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஸ்க்ரூக்களை எட்ட, உங்கள் மாடலின் பழுதுநூல் (தயாரிப்பாளரின் பழுதுபார்க்கும் கையேடு) சொல்லும் நிலையில் கண்ணாடியை நிறுத்துங்கள். சில கூரைகளில் பக்க மூடிகளைக் கழற்ற, கண்ணாடியின் பின்பக்கத்தை மட்டும் உயர்த்த வேண்டியிருக்கும். அந்த அளவு அசைவு போதும், பின்னால் நகர்த்தித் திறக்கக் கூடாது. பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து ஜன்னலை இறக்கிவிட்டு, சாவியை வண்டியிலிருந்து தள்ளி வைத்து, சன்ரூஃப் ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரியையே கழற்ற வேண்டிய வண்டி என்றால் இந்தக் கதவு விஷயம் இன்னும் முக்கியம். கதவும் பானெட்டும் மின்சாரத்தில் திறக்கும் வண்டியில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு பேட்டரியைக் கழற்றினால் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கதவுகளுக்கு மேலே, கூரைத் துணியின் ஓரம் நெடுக, கர்ட்டன் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே நெம்பியைச் செருகக் கூடாது.

படி 2: கழற்றும் முன் அளப்பது

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான காணொளிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

கண்ணாடி மூடிய நிலையில் இருக்கும்போது, சுற்றியுள்ள கூரைத் தகட்டில் ஆறு இடத்தில் மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டுங்கள்: முன்பக்க இரு மூலை, பின்பக்க இரு மூலை, இரு பக்கங்களின் நடு. ஒவ்வோர் இடத்திலும் ஸ்கேலைக் கூரைக்கும் கண்ணாடிக்கும் குறுக்கே படுக்க வைத்து, கண்ணாடி எவ்வளவு தாழ்ந்தோ உயர்ந்தோ இருக்கிறது, இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று அந்த டேப்பிலேயே பேனாவால் எழுதுங்கள். "தாழ்வு அரை, இடைவெளி ஐந்து" என்ற மாதிரி. போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த படியில் பக்க மூடிகளை எடுத்ததும், ஸ்க்ரூவைத் தொடும் முன் உள்ளேயிருந்து பாருங்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவும் பிராக்கெட்டில் நீளமான துளையில் நிற்பது தெரியும். உயரத்தைச் சரிசெய்ய விட்ட இடம் அது. ஸ்க்ரூ தலையைச் சுற்றிப் பழைய அழுக்கு வட்டம் இருக்கும், அதன் ஓரத்தில் மெல்லிய மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். புதிய கண்ணாடி வந்து உட்கார வேண்டிய இடம் உங்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

படி 3: கழற்றுவது

போர்வையை விரித்து, பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடிகளை மெதுவாக நெம்பி எடுங்கள். கண்ணாடியோடு ஒயர் இணைப்பு இருந்தால் அதையும் கழற்றுங்கள். உதவியாளர் வெளியே ஏணியில் நின்று சக்‌ஷன் கப்பைப் பிடித்துக்கொள்ளட்டும். விரிசல் கோட்டின் மேல் கப் ஒட்டாது, நல்ல பரப்பாகப் பார்த்து வையுங்கள். ஸ்க்ரூக்களை எல்லாம் முதலில் அரைச் சுற்று தளர்த்தி, அப்புறம் ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்ததும் கண்ணாடியை நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஓரம் கூரைப் பெயின்டைக் கீறும்.

படி 4: சுத்தமும் வடிகால் குழாய்களும்

டிராக்கை வேக்யூம் செய்யுங்கள், துணியால் துடையுங்கள், மறுபடி வேக்யூம். கிரீஸில் சிக்கிய தூள் வேக்யூமுக்கு வராது, பஞ்சு சுற்றிய குச்சியால்தான் வரும். பழைய கிரீஸை முழுதும் எடுத்துவிட்டால், தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். கையில் கிடைத்ததைத் தடவினால் ரப்பர் உப்பிப் போகும்.

சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். அது சுற்றியுள்ள பள்ளத்தில் விழுந்து, மூலைகளிலுள்ள குழாய்கள் வழியாக, கூரையைத் தாங்கும் தூண்களுக்குள் இறங்கி வண்டிக்கு அடியில் வெளியேறும். ஒரு கண்ணாடிச் சில்லும் கொஞ்சம் இலைச் சருகும் சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் தண்ணீர் கூரைத் துணியில் இறங்கும், நீங்கள் புதிய கண்ணாடியைக் குறை சொல்வீர்கள்.

ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று உதவியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். வராவிட்டால், புல்வெட்டும் கருவியில் போடும் நைலான் இழையை நுனி மழுக்கி உள்ளே விடுங்கள், வளைவுகளில் வளைந்து போகும். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள். தூணுக்குள் குழாய் இணைப்பு கழன்றால் அதை மாட்டக் கூரைத் துணியையே இறக்க வேண்டிவரும்.

படி 5: பொருத்திச் சமன் செய்வது

புதிய கண்ணாடியை நேராக இறக்கி, எல்லா ஸ்க்ரூக்களையும் கையால் மட்டும் முடுக்குங்கள். மார்க்கர் கோட்டுக்கு நேராக வைத்து, டேப்பில் எழுதிய அளவுகளோடு ஒப்பிடுங்கள். பழுதுநூலில் அளவு கொடுத்திருந்தால் அதுதான் கடைசி வார்த்தை. பொதுவாக முன் ஓரம் கூரைக்குச் சமமாகவோ மயிரிழை தாழ்வாகவோ, பின் ஓரம் சமமாகவோ மயிரிழை உயரமாகவோ இருக்கும். காற்று முன்னாலிருந்து வழுக்கிக்கொண்டு போக வேண்டும், எந்த விளிம்பிலும் முட்டக் கூடாது. என்ஜின் சத்தமுள்ள வண்டியில் ஒரு மில்லிமீட்டர் பிசகு காதில் விழாமல் போகலாம். மின்சார வண்டியில் அதை மறைக்க ஒன்றுமே இல்லை, நெடுஞ்சாலையில் விசில் அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, சமனாகிவிட்டது. ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, பழுதுநூல் சொல்லும் டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ஓர் ஆறுதலுக்கு இன்னும் கொஞ்சம் என்று இறுக்கினால் பிராக்கெட் வளையும். இறுக்கியதும் மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது கண்ணாடி நகர்வது உண்டு.

படி 6: மோட்டாருக்குப் பாடம்

ஃபியூஸை மாட்டுங்கள். எங்கே மூடி நிற்க வேண்டும், எவ்வளவு எதிர்ப்பு வந்தால் பின்வாங்க வேண்டும் என்பதை மோட்டார் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில் மூடும் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கூரை தானாக ஒருமுறை திறந்து மூடும். நடுவில் விரலை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிலவற்றில் டயக்னாஸ்டிக் கருவி (வண்டியின் கணினியோடு இணைக்கும் பணிமனைக் கருவி) இல்லாமல் முடியாது. முடிந்ததும், மூடும் வழியில் ஒரு அட்டைச் சுருளை நீட்டிப் பாருங்கள். கூரை பின்வாங்க வேண்டும். கையை வைத்துச் சோதிக்கும் வீரம் வேண்டாம்.

படி 7: காகிதம், பிறகு தண்ணீர்

ஒரு காகிதத் துண்டைச் சீலுக்கு நடுவே வைத்துக் கூரையை மூடி, இழுங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த மூலை உயரத்தைத் திருத்துங்கள். அப்புறம் சாதாரணக் குழாய்த் தண்ணீரை, அழுத்தமில்லாமல், பத்து நிமிடம் கூரைமேல் ஓட விடுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும்.

ஒட்டுக் கண்ணாடி என்றால்

பழைய யூரித்தேனைக் கம்பி இழையால் அறுத்து, மெல்லிய படிவு ஒன்றை விட்டுவைத்து, அதன் மேல் புதிய பசையை ஒரே உயரத்தில், அறுபடாத முக்கோண வரியாக இட்டு, காயத் தொடங்கும் முன் பெரிய கண்ணாடியை ஒரே முயற்சியில் சரியான இடத்தில் இறக்க வேண்டும். கை தவறினால் மறுபடி தூக்கி வைக்கும் வாய்ப்பில்லை. கூரையின் விறைப்பிலும் அந்தக் கண்ணாடிக்குப் பங்குண்டு. டெஸ்லா மாடல் எக்ஸில் ஓட்டுநருக்கு எதிரே உள்ள விண்ட்ஷீல்டே தலைக்கு மேல் வரை ஒரே துண்டாக நீள்கிறது, அதை மாற்றினால் அதன் பின்னாலிருக்கும் கேமராவைச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

வேலை கடைக்காரருடையது என்றாலும் கேள்வி உங்களுடையது. பசைக் குழலின் காலாவதி தேதியைக் காட்டச் சொல்லுங்கள். அறுக்கும்போது பாடியில் விழுந்த கீறல்களுக்கு பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) போட்டார்களா என்று கேளுங்கள், போடாவிட்டால் துரு பசைக்கு அடியில் வேலையைத் தொடங்கும். யூரித்தேன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும், அதனால் எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம் என்பது அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. அந்த நேரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை வண்டி அங்கேயே நிற்கட்டும்.

எந்த வகைக் கூரையானாலும், முதல் பெரிய மழை பெய்த மறுநாள் முன் இருக்கைகளுக்குக் கீழே தரைவிரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். நகரும் கூரையில், கூரைத் துணி காய்ந்தே இருந்தாலும், தூணுக்குள் கழன்ற குழாயின் தண்ணீர் வந்து தேங்குவது அங்கேதான்.