கிடா வாங்கும் முன் விதைப்பையைத் தொட்டுப் பாருங்கள்

மூன்று வருஷத்துக்கு முன் கன்னி இனத்து நல்ல ஆட்டுக் கிடா ஒன்றைக் கறிக்கு விற்றுவிட்டேன். விதைப்பையின் அடியில் கட்டி வந்துவிட்டது என்று பயந்துதான் விற்றேன். பிறகு கொம்பையும் உடம்பையும் பார்த்து வேறொன்று வாங்கினேன். அதனிடம் சேர்த்த பெட்டைகளில் பாதிக்கு மேல் சினை பிடிக்காமல் 21 நாளில் மறுபடி பருவத்துக்கு வந்து கத்தின. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் இரண்டே நிமிஷம் தடவினார். புதுக் கிடாவின் விதைகள் சிறுத்து, கொழகொழவென்று இருந்தன. அன்று அவரிடம் கற்றுக்கொண்டது இது.

விதைப்பையின் சுற்றளவை அளக்கத் தையல்காரர் டேப் ஒன்று போதும். துணி டேப் நாளடைவில் இழுபட்டுவிடும்; பிளாஸ்டிக் பூசிய டேப்பாகப் பார்த்து வாங்குங்கள். இரும்பு டேப் வேண்டவே வேண்டாம்.

பனி விழும் காலையில் அளக்காதீர்கள். விந்தணு உருவாக, விதை உடல் சூட்டைவிட 4, 5 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். அதனால் குளிரில் தசை விதையை மேலே இழுத்துக்கொள்ளும், வெயிலில் தொங்கவிடும். பத்து மணிக்கு மேல் அளப்பது நல்லது.

ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னால் உட்காருங்கள். பையின் கழுத்தை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, தோல் சுருக்கம் போகும்வரை விதைகளை மெதுவாகக் கீழே இறக்குங்கள். கட்டைவிரல் இரண்டு விதைக்கும் நடுவே போகக் கூடாது. போனால் விதைகள் விலகி, அளவு கூடுதலாகக் காட்டும். மிக அகலமான இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். சானென் போன்ற பால் இனங்களில் வளர்ந்த கிடாவுக்கு 25 செ.மீ.யாவது வேண்டும் என்பார்கள். நம் கன்னி, கொடி இன ஆடுகளுக்கு அதை அப்படியே பொருத்தாதீர்கள். ஒரே வயதுக் கிடாக்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

அடுத்து தடவிப் பார்ப்பது. நான் ஏமாந்த இடம் இதுதான். இரண்டு விதையும் ஒரே அளவாக, அழுத்தினால் விம்மித் திரும்பும் கெட்டியோடு இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் உருண்டையாக ஒரு புடைப்பு தட்டுப்படும். அது கட்டி அல்ல, எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயின் வால். விதையில் உருவான விந்தணுக்கள் அந்தக் குழாய் வழியே நகர்ந்து முதிர்ந்து, அங்கேதான் சேர்ந்து நிற்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, திரண்டு, வலியில்லாமல் இருந்தால் அது நல்ல கிடாவின் அடையாளம். அதைப் பார்த்துத்தான் நான் விற்றேன். இன்றும் மனசு ஆறவில்லை.

ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் துள்ளுகிறதா? கீறிவிடாதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். புருசெல்லா கிருமியாக இருந்தால் மனிதருக்கும் தொற்றும். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் வேறு எதையும் தொட வேண்டாம்.

பின்சேர்க்கை: காய்ச்சலில் படுத்து எழுந்த கிடா இரண்டு வாரமாகியும் சினை பிடிக்க வைக்கவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவசரப்பட்டு விற்காதீர்கள். விந்தணு உருவாகச் சுமார் 7 வாரம், குழாயைக் கடக்க இன்னும் 10 நாளுக்கு மேல் ஆகும். இரண்டு மாதம் கழித்துத் திரும்பத் தடவிப் பாருங்கள்.

இன்னொருவர் ஒற்றை விதைக் கிடாவை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இறங்காத விதை வயிற்றுச் சூட்டில் விந்தணு தராது. ஆண் ஹார்மோன் மட்டும் சுரக்கும். இறங்கிய விதையால் சினை பிடிக்கலாம். ஆனால் இந்தக் குறை குட்டிகளுக்கும் போகக்கூடியது. இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.