இடைநிலை இயற்கணிதம் கற்பித்தல்: ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேட்பது எப்படி?

ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கக் கற்றுக்கொண்ட மாணவர்கள் காரணிப்படுத்துதல், இருபடிச் சமன்பாடு, இயற்கணிதப் பின்னம், வர்க்கமூலம் ஆகியவற்றுக்குள் நுழையும்போதுதான், அதுவரை ஒளிந்திருந்த குழப்பங்கள் வெளியே வருகின்றன. கீழ்வகுப்புகளில் மனப்பாட விதிகளைக் கொண்டே விடைக்கு வந்துவிடலாம்; இந்த நிலையில் அது நடவாது. எனவே புதிய விதிகளை அடுக்குவதற்கு முன், எழுதிய ஒவ்வொரு வரியும் ஏன் உண்மை என்று சொல்லும் பழக்கத்தை ஏற்படுத்துவதே ஆசிரியரின் முதல் வேலை என்பது என் கருத்து.

இங்கே மாறியை ‘ம’ என்ற எழுத்தால் குறிக்கிறேன். பாடநூலில் அது எக்ஸ் என்று இருக்கும். வகுப்பிலும் அவ்வப்போது எழுத்தை மாற்றிக் கொடுப்பது நல்லது. எழுத்து மாறியவுடன் திகைக்கும் மாணவர், அதுவரை எழுத்தின் வடிவத்தைத்தான் பழகியிருக்கிறார், அது குறிக்கும் எண்ணை அல்ல.

முதல் நாளில் ஒரு சிறு சோதனை வையுங்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதி, கட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். 12 என்று எழுதுபவர்கள் சமக்குறியை ‘விடையை இங்கே எழுது’ என்ற கட்டளையாகப் படிக்கிறார்கள். 1557இல் இக்குறியை அறிமுகப்படுத்திய ராபர்ட் ரெக்கார்டு, ஒரே நீளமுள்ள இரு இணைகோடுகளைவிடச் சமமான இரு பொருள்கள் இருக்க முடியாது என்றே காரணம் கூறினார். அதை வகுப்பில் சொன்னால் குறியின் பொருள் மனத்தில் நிற்கும். இதே காரணத்துக்காக, ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற சொற்றொடரை முதல் இரண்டு வாரங்களுக்காவது தவிர்க்கச் சொல்வேன். 3ம + 5 = 17 என்பதை 3ம = 12 என்று சரியாகச் சுருக்கிய மாணவர், அடுத்த வரியில் ம = 12 − 3 என்று எழுதுவது இந்த விதியை நம்பியதால்தான். ‘இருபுறமும் 5ஐக் கழிக்கிறேன்’, ‘இருபுறமும் 3ஆல் வகுக்கிறேன்’ என்று ஓரத்தில் எழுதச் செய்தால், சில நாள்களில் இப்பிழை குறையும்.

அடுத்து, முற்றொருமைக்கும் சமன்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது மாறியின் எல்லா மதிப்புகளுக்கும் உண்மை. பின்னது சில மதிப்புகளுக்கு மட்டும் உண்மையாகலாம். (ம + 3)² = ம² + 9 என்ற பிழையை ஆண்டுதோறும் எல்லா ஆசிரியர்களும் திருத்துகிறோம், அது மீண்டும் முளைக்கிறது. சிவப்பு மையால் அடிப்பதைவிட, ‘இது எப்போது உண்மை?’ என்று கேட்பது பயன் தரும். ம = 2 என்று இட்டால் இடப்புறம் 25, வலப்புறம் 13. ம = 0 என்று இட்டாலோ இரண்டும் 9. ஆகவே அந்தத் தவறான வரி ஒரு சமன்பாடாக உயிரோடுதான் இருக்கிறது; அதைத் தீர்த்தால் 6ம = 0 என்று வருகிறது. சரிபார்க்க 0 என்ற எண்ணை ஏன் தேர்ந்தெடுக்கக்கூடாது என்பதும் அப்போதே விளங்கிவிடும்.

விடுபட்ட அந்த 6ம எங்கிருந்து வருகிறது என்பதைப் பரப்பளவுப் படம் காட்டும். பக்கம் ம + 3 உள்ள சதுரத்தை வரைந்து பிரித்தால் ஒரு பெரிய சதுரம், ஒரு சிறிய சதுரம், இரண்டு செவ்வகங்கள் கிடைக்கின்றன. மாணவர்கள் மறப்பது அந்தச் செவ்வகங்களை. இதே படம் இருபடிச் சமன்பாட்டுக்கும் வழி திறக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி ம² + 10ம = 39 என்ற கணக்கைப் படத்தால்தான் விளக்கினார். பக்கம் ம உள்ள சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில், 5 அகலமுள்ள செவ்வகத்தை ஒவ்வொன்றாக ஒட்டுங்கள், பரப்பளவு 39. மூலையில் 5 × 5 அளவுள்ள ஒரு வெற்றிடம் இருக்கும். அதை நிரப்பினால் முழுச் சதுரத்தின் பரப்பளவு 64, பக்கம் 8, எனவே ம = 3. வர்க்கப் பூர்த்தி என்ற சொல்லில் உள்ள ‘பூர்த்தி’ எதைக் குறிக்கிறது என்பதை மாணவர் கையால் வரைந்து உணர வேண்டும்.

ஆனால் படம் எங்கே நின்றுபோகிறது என்பதையும் சொல்லுங்கள். இச்சமன்பாட்டுக்கு −13 என்ற இன்னொரு மூலம், அதாவது அதை உண்மையாக்கும் இன்னொரு மதிப்பு, உண்டு. எதிர்மறை நீளத்தை வரைய முடியாது என்பதால் படம் அதைக் காட்டாது. எதிர்மறை எண்களைக் கூட்டவும் பெருக்கவும் 628இலேயே இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர் விதிகள் எழுதியிருந்தார். படம் தந்த கருத்தை அவ்விதிகளோடு சேர்த்தால்தான் (ம + 5)² = 64 என்பதிலிருந்து ம + 5 = 8, ம + 5 = −8 என்ற இரு கிளைகளும் பிறக்கும்.

காரணிப்படுத்தும் முறையில் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம், காரணிகளைத் தேடுவதில் இல்லை. கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் எண்களை மாணவர்கள் விரைவில் கண்டுபிடிப்பார்கள். பூச்சியத்தின் தனித்தன்மையைத்தான் அவர்கள் கவனிப்பதில்லை. (ம − 2)(ம − 3) = 6 என்று கொடுத்துப் பாருங்கள்; பலர் ம − 2 = 6 என்று தொடங்கி ம = 8 என்பார்கள். 8ஐ இட்டால் 6 × 5 = 30. பெருக்கற்பலன் பூச்சியமானால் மட்டுமே ஒரு காரணி பூச்சியமாகியே தீரும். 6க்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. விரித்துச் சுருக்கினால் ம² − 5ம = 0, மூலங்கள் 0, 5. இங்கேயே ம²= 5ம என்று எழுதி இருபுறமும் மவால் வகுத்தால் 0 என்ற மூலம் காணாமல் போவதையும் காட்டிவிடலாம்.

இருபடிச் சூத்திரத்தை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். இந்தியக் கணிதர் ஸ்ரீதரர் பெயரால் வழங்கும் பழைய முறை பின்னங்களைத் தவிர்ப்பதால் இந்த வயதினருக்கு மிகவும் ஏற்றது. 2ம² + 5ம − 3 = 0 என்பதை ம²இன் கெழுவின் (அதைப் பெருக்கி நிற்கும் எண்ணான 2இன்) நான்கு மடங்கால், அதாவது 8ஆல் பெருக்குங்கள்: 16ம² + 40ம = 24. மவின் கெழுவான 5இன் வர்க்கத்தை இருபுறமும் கூட்டுங்கள்: (4ம + 5)² = 49. எனவே 4ம + 5 என்பது 7 அல்லது −7. மூலங்கள் ½, −3. இவ்வாறு பத்துக் கணக்குகள் செய்த பிறகு, எண்களுக்குப் பதிலாக அ, ஆ, இ என்ற கெழுக்களை வைத்து அதே படிகளைச் செய்யச் சொன்னால் சூத்திரத்தை அவர்களே அடைவார்கள். வலப்புறம் நிற்கும் ஆ² − 4அஇ என்ற தன்மைகாட்டி எதிர்மறையானால் மெய்யெண் மூலம் ஏன் இல்லை என்பதற்கும் தனிப் பாடம் தேவைப்படாது. இருபடிக் கோவையின் வரைபடமான பரவளையத்தை இந்த இடத்தில் ஒருமுறை வரைந்து, அது கிடைக்கோட்டு அச்சை இரு இடங்களில் வெட்டுவதையும், தொடுவதையும், தொடாமல் நிற்பதையும் காட்டினால் போதுமானது.

பின்னங்களில் வரும் தொல்லை பெரும்பாலும் ‘அடித்துவிடுதல்’ என்ற சொல்லால் வருகிறது. (ம + 3)/3 என்பதில் இரண்டு 3களையும் அடித்து ம என்று எழுதுபவருக்கு, தொகுதியும் பகுதியும் பொதுக் காரணியால் வகுக்கப்படுவதே சுருக்குதல் என்பது சொல்லப்படவில்லை. கூட்டலில் உள்ள உறுப்பு காரணி ஆகாது. (ம² − 9)/(ம − 3) என்பதைச் சுருக்கி ம + 3 என்று எழுதும்போது ம ≠ 3 என்பதையும் பக்கத்தில் எழுத வைக்க வேண்டும்.

முன்பு மவால் வகுத்தபோது ஒரு மூலம் தொலைந்தது; வர்க்கமூலச் சமன்பாட்டில் நிலைமை நேர்மாறானது. அங்கே மூலம் தொலைவதில்லை, இல்லாதது வந்து சேர்கிறது. √(ம + 6) = ம என்பதை வர்க்கப்படுத்தினால் ம² − ம − 6 = 0, அதிலிருந்து 3, −2. இவற்றில் −2ஐ இட்டால் இடப்புறம் 2, வலப்புறம் −2. 2, −2 இரண்டுக்கும் வர்க்கம் ஒன்றே என்பதால் வர்க்கப்படுத்தும் படியைத் திருப்பி நடக்க முடியாது. எந்தப் படிகளைத் திருப்பி நடக்கலாம், எவற்றை முடியாது என்று வகுப்பாகச் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரிப்பது நல்ல பயிற்சி.

சொற்கணக்குகளைப் பற்றி ஒன்றே ஒன்று. ‘ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஆறு மாணவர்கள்’ என்பதை மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ என்று கொண்டு எழுதச் சொன்னால், நன்றாகப் படிப்பவர்களும் 6ம = ஆ என்று எழுதுவதுண்டு. எழுத்தை ஆளின் சுருக்கப் பெயராக நினைப்பதே காரணம். ஆ = 10 என்றால் ம எவ்வளவு என்று கேளுங்கள்; 60 என்ற விடை வந்தவுடன் ம = 6ஆ என்று தாமே திருத்திக்கொள்வார்கள்.

விடைத்தாளைத் திருத்தும்போது பிழையான வரியை வட்டமிடாதீர்கள். சரியான மூலங்களை மட்டும் எழுதிக் கொடுத்து, அவற்றை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியிலும் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மூலம் எந்த வரியில் முதன்முதலாகப் பொருந்தாமல் போகிறதோ, அதற்கு முந்தைய வரியிலிருந்து இதற்கு வந்த படியில் பிழை இருக்கிறது. மூலம் தொலைந்த இடமும் இவ்வாறே அகப்படும். விடையில் வேண்டாத மூலம் சேர்ந்திருந்தால் மட்டும் திசையை மாற்றி, அந்த மூலத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி இட்டுக்கொண்டே போக வேண்டும்.