நாயோடு கேரவனில் வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் பக்கம் போகிறவர்களுக்கு

காக்காடு தேசியப் பூங்காவுக்குள் நாயைக் கொண்டுபோக அனுமதி இல்லை. அதை முதலிலேயே கணக்கில் வைத்து வழியைத் திட்டமிடுங்கள்.

ராத்திரி தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே விடவே விடாதீர்கள். கேன் டோடு (cane toad) என்கிற விஷத் தேரை அதில் வந்து உட்காரும். நாய் கவ்வினால், தேரையின் தோள் சுரப்பியிலிருந்து பால் போன்ற விஷம் கசியும். நாய்க்கு வாயில் எச்சில் நுரைக்கும், ஈறு செக்கச்செவேலென்று சிவக்கும். உடனே ஈரத்துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியை அலசிவிட்டுத் துடைக்கவும். குழாய்த் தண்ணீரை வாய்க்குள் பீய்ச்சினால் விஷம் வயிற்றுக்குத்தான் போகும். துடைத்த கையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், வலிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆற்றோரம் முதலை இருக்கும். கயிற்றோடு, தண்ணீரிலிருந்து 5 மீட்டராவது தள்ளியே நடத்துங்கள்.