ஐந்தேகால் மணி நேரம்: பள்ளியில் குழந்தைக்கு அடிபட்டால் நாம் செய்யும் தவறுகள்

மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் ஒரு தாய் தன் மகனின் நெற்றியைப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. அதன்மேல் ஆயாம்மா காப்பித்தூளை அப்பியிருந்தார். யு.கே.ஜி. பையன் அவன். “பெஞ்சில் இடித்துக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டு ஐஸ் வண்டியைக் கைகாட்டினான். மறுநாள் காலை அந்த அம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றார். யார் தள்ளிவிட்டார்கள், நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்றெல்லாம் கேட்பார் என்று தயாராக இருந்தேன். “எத்தனை மணிக்கு மிஸ்?” என்று மட்டும் கேட்டார். பத்தே முக்காலுக்கு என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டார். “ஐந்தேகால் மணி நேரம் எனக்குத் தெரியவே தெரியாது” என்றார்.

அதன் பிறகு பல ஆண்டுகள் மழலையர் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் வேலை பார்த்துவிட்டேன். குழந்தை விழுந்ததற்காகச் சண்டைக்கு வந்த பெற்றோர் குறைவு. ஓடுகிற பிள்ளை விழும் என்று அவர்களுக்கும் தெரியும். சொல்லாமல் விட்டதற்கும் மழுப்பியதற்கும்தான் வந்தார்கள், வந்தபோது நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது.

தொலைபேசியில் நடக்கும் கூத்து

முதல் தவறு, அனுமதிக்காகக் காத்திருப்பது. வகுப்பாசிரியை தலைமையாசிரியரிடம் சொல்வார், அவர் தாளாளருக்குப் போன் செய்வார், தாளாளர் கல்யாண வீட்டில் இருப்பார். ‘பெரிய காயமா? பார்த்துவிட்டுச் சொல்லலாம்’ என்று பதில் வருவதற்குள் மதிய மணி அடித்துவிடும். தலையில் அடி என்றால் வகுப்பாசிரியையே நேராகப் பெற்றோரை அழைக்கலாம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

இரண்டாவது தவறு, அழைப்பில் பேசும் விதம். நம் பள்ளிகளில் ஒரு வாக்கியம் வழக்கத்தில் இருக்கிறது: “ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள், உடனே கிளம்பி வாருங்கள்.” ஒன்றுமில்லை என்றால் ஏன் உடனே வரவேண்டும்? இதைக் கேட்ட தகப்பன் இருசக்கர வாகனத்தை எந்த மனநிலையில் ஓட்டிக்கொண்டு வருவான் என்று அழைப்பவர் யோசிப்பதில்லை. “நேரில் வாருங்கள், சொல்கிறோம்” என்று வைத்துவிடுவது இன்னும் மோசம்.

குழந்தை எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் வாக்கியம். பிறகு நடந்தது, செய்தது, இனி அவர்கள் செய்ய வேண்டியது. இப்படி: “கவின் அப்பாவா? நான் அவனுடைய மிஸ் பேசுகிறேன். கவின் விழித்திருக்கிறான், பேசுகிறான், என் பக்கத்தில்தான் இருக்கிறான். பதினொன்றேகாலுக்குச் சறுக்குமரத்திலிருந்து விழுந்ததில் இடது கை வீங்கியிருக்கிறது. அசைக்காமல் கட்டி வைத்திருக்கிறோம். எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம். எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்லுங்கள், நாங்கள் கூட்டிக்கொண்டு கிளம்புகிறோம், நீங்கள் அங்கே வந்துவிடுங்கள்.” குழந்தையால் பேச முடிந்தால் போனை அதன் காதில் வைக்கலாம். அழுகைக் குரலாக இருந்தாலும் பரவாயில்லை, பெற்றவர்களுக்கு அதுவே ஆறுதல்.

எண் விஷயத்தில் எல்லாப் பள்ளியும் கோட்டைவிடுகிறது. சேர்க்கைப் படிவத்தில் இருப்பது அப்பாவின் எண். அவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அம்மா மில்லில் வேலை செய்வார், உள்ளே போனுக்கு அனுமதி இருக்காது. ஆகவே அருகில் இருக்கும் பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று எண்களாவது வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் அவற்றை ஒருமுறை அழைத்துச் சரிபார்க்கவும் வேண்டும்.

எல்லாக் கீறலுக்கும் போன் செய்ய முடியாது, உண்மைதான். முழங்கால் சிராய்ப்பை டைரியில் எழுதினால் போதும். தலை, கண், முகம், பல், சூட்டுக்காயம், எந்த விலங்கின் கடியானாலும், எதையாவது விழுங்கிவிட்டதானாலும் உடனே சொல்லியாக வேண்டும். வேன் ஓட்டும் அண்ணனிடம் சொல்லி அனுப்புவதும், குழந்தையிடமே “அம்மாவிடம் சொல்லிவிடு” என்பதும் தகவல் கொடுத்ததாகாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் காயத்தைப் படமெடுத்துப் போடும் பள்ளிகளும் உண்டு. அந்தப் படத்தை முப்பது வீடுகள் பார்க்க வேண்டிய தேவை என்ன?

சின்னக் குழந்தைகளின் பகல் காப்பகங்களில் இன்னொரு சிக்கல் வரும். ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடித்துவிடுவார்கள். பேச்சு முழுதாக வராத வயதில் அது சாதாரணம். கடிபட்ட குழந்தையின் பெற்றோரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், கடித்தது யார் என்று மட்டும் சொல்லாதீர்கள். பெயர் வெளியே வந்தால் மறுநாள் வாசலில் இரண்டு குடும்பங்கள் மோதிக்கொள்ளும்.

தலையில் அடி: தூங்கவிட்டுவிட்டால் சரியா?

அந்த ஐந்தேகால் மணி நேரத்தில் உண்மையான ஆபத்து என்ன என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. தலைக்குள் ரத்தக்கசிவு இருந்தால் அதன் அறிகுறி உடனே தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம், மறுநாளும் வரலாம். அந்த நேரத்தில் குழந்தை வீட்டில் இருக்கும். இரவு எட்டு மணிக்கு வாந்தி எடுத்தால், அடிபட்டது தெரியாத அம்மா மதியம் சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பார். தெரிந்த அம்மா மருத்துவமனைக்கு ஓடுவார். பள்ளி மறைத்த ஒரு தகவல் எங்கே போய் இடிக்கிறது பாருங்கள்.

தலையில் அடிபட்ட குழந்தையைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். மூலையில் பாய் போட்டுப் படுக்கவைத்து மறந்துவிடக் கூடாது. மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினால் எழாத மயக்கம், சிறிது நேரமாவது நினைவு தப்பியது, வலிப்பு, குழறலான பேச்சு, தள்ளாட்டம், அதிகரித்துக்கொண்டே போகும் தலைவலி, காதிலோ மூக்கிலோ தெளிந்த நீரோ ரத்தமோ வடிவது, கண்பாவை இரண்டும் அளவில் வேறுபடுவது என இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றாலும் இந்த அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்து, இரண்டு நாள் கவனிக்கச் சொல்ல வேண்டும். எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் தேவைப்படாது. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பல் விழுந்தால் தேட வேண்டும்

ஆறேழு வயதில் முளைக்கும் முன்பல் நிரந்தரப் பல். விளையாட்டில் மோதி அது வேரோடு விழுந்துவிட்டால், வாயைத் துடைத்துப் பஞ்சு வைத்துவிட்டுப் பல்லைத் தூக்கி எறிகிறோம். கூரைமேல் போட்டால் நல்ல பல் முளைக்கும் என்ற நம்பிக்கை வேறு. பால்பல்லுக்கு அது பொருந்தலாம். நிரந்தரப் பல்லை நேரத்தோடு கொண்டுபோனால் பல் மருத்துவர் அதே குழியில் திரும்பப் பொருத்திவிட முடியும். மைதானத்தில் தேடி எடுங்கள். வேர்ப்பகுதியைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மண் இருந்தால் லேசாக அலசுங்கள், தேய்க்கக் கூடாது. ஒரு தம்ளர் குளிர்ந்த பாலில் போட்டு அரை மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். பால் வாங்கப் பக்கத்து டீக்கடை போதும், காய்ச்சிய சூட்டோடு வாங்கிவிட வேண்டாம். விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது, உள்ளே வளரும் பல்லுக்கு அது கேடு.

காப்பித்தூளும் பேனா மையும்

எங்கள் ஆயாம்மாவின் காப்பித்தூளை நான் குறை சொல்லப்போவதில்லை. அவர் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள், அன்போடுதான் செய்தார். ஆனால் திறந்த காயத்தில் அது அழுக்கு. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ரத்தம் நின்றுவிடும். புடைப்புக்குத் துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

சூட்டுக்காயத்துக்கு அதே ஐஸ் ஆகாது. சத்துணவு வரிசையில் சூடான சாம்பார் கையில் கொட்டிவிட்டால் குழாயடியில் இருபது நிமிடம் கையைக் காட்ட வேண்டும். இருபது நிமிடம் என்பது நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும், இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டுப் பற்பசையோ மையோ தடவிவிடுகிறார்கள். மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியும்.

கை வீங்கினால் ‘சுளுக்குத்தான்’ என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவது இன்னொரு பழக்கம். எலும்பு முறிந்திருந்தால் நீவுவது மேலும் சேதம் செய்யும். அளவுகோலையோ சுருட்டிய நோட்டையோ அணைகொடுத்துத் துணியால் கட்டி, அசையாமல் கொண்டுபோக வேண்டும். அழுகையை நிறுத்த பிஸ்கட்டும் ஜூஸும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வது தவறு, ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனியவைத்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி திணிப்பதும் பயன் தராது. ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

நாய் கடித்ததை மட்டும் எந்த நிலையிலும் சிறியதாக்காதீர்கள். நகக்கீறலானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் கிட்டேயே வரக் கூடாது. ஒரு ஊசியோடு முடிவதில்லை, குறித்த நாள்களில் தொடர்ந்து போட வேண்டும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லுங்கள். ரேபிஸ் நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

மருத்துவமனையில் சொல்லும் பொய்

“வீட்டில் விழுந்தான் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்.” பெற்றோரிடம் பள்ளிகள் இப்படிக் கெஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். விபத்துப் பதிவேட்டில் எழுதுவது மருத்துவமனையின் வழக்கமான வேலை, அதனாலேயே யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. எத்தனை உயரத்திலிருந்து, எதன்மேல் விழுந்தான் என்பதை வைத்துத்தான் மருத்துவர் எதைத் தேடுவது என்று முடிவெடுக்கிறார். கட்டிலிலிருந்து விழுந்ததாகச் சொல்லப்படும் குழந்தைக்கும் முதல் மாடிப் படிக்கட்டிலிருந்து உருண்ட குழந்தைக்கும் ஒரே சோதனை செய்யமாட்டார். போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் உயிர் காக்கும் சிகிச்சையை முதலில் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

பெற்றோர் வரும்வரை கூட்டிப்போகப் பயப்படுவதும் உண்டு. கையெழுத்துக்கு ஆள் இல்லையே என்ற பயம். சம்மதம் பெற நேரமும் வழியும் இல்லாத நெருக்கடியில் நல்லெண்ணத்தோடு குழந்தையின் நன்மைக்காகச் செய்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு அது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. கூடப் போகிறவர் குழந்தைக்குப் பழக்கமானவராக இருக்கட்டும், விழுந்ததைக் கண்ணால் பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

விழுந்ததால் வராத காயம்

பிரம்படித் தழும்பை ‘விழுந்துவிட்டான்’ கணக்கில் எழுதுவது வெறும் தவறு என்ற வகையில் அடங்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. அடித்தவர் சக ஆசிரியர் என்பதற்காக மூடி மறைப்பவரும் அதில் பங்காளி.

காலையில் வரும்போதே உடம்பில் தடம் இருந்தால், எங்கே, எப்படி இருந்தது என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். குழந்தையை நாலு பேர் சுற்றி நின்று திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. வீட்டில் கொடுமை நடப்பதாகத் தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. பாலியல் குற்றம் என்ற சந்தேகம் வந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை உண்டு. ‘முதலில் நாங்களே விசாரிக்கிறோம்’ என்று பள்ளி உள்ளுக்குள் பஞ்சாயத்து நடத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது. பெற்றோருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று இதுவரை நான் எழுதியதற்கு ஒரு விதிவிலக்கும் இங்கேதான் வருகிறது: சந்தேகம் வீட்டிலுள்ளவர் மேலேயே இருந்தால் அவருக்குப் போன் செய்து எச்சரிக்காதீர்கள்.

எழுதி வைக்காத நோட்டு

ஒரு நீள நோட்டு போதும். தேதி, நேரம், இடம், பார்த்தவர், என்ன செய்தோம், யாரை எத்தனை மணிக்கு அழைத்தோம். அன்றே எழுத வேண்டும். ‘துறுதுறுப்பான பையன், சொன்ன பேச்சைக் கேட்பதில்லை’ என்ற விமர்சனமெல்லாம் அதில் வேண்டாம், பெற்றோர் படிக்கும்போது குத்தும். கேமரா இருந்தால் பதிவை எடுத்து வையுங்கள், சில நாள்களில் அது தானாக அழிந்துவிடும். ‘பள்ளி பொறுப்பல்ல’ என்ற தாளில் மருத்துவமனை வராந்தாவிலேயே கையெழுத்துக் கேட்கும் நிர்வாகிகளை எனக்குத் தெரியும். குழந்தை உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது அந்தப் பேனாவை நீட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ!

எங்கள் வகுப்புப் பெஞ்சின் கூர்முனையை ஆசாரி வந்து இழைத்து உருட்டியது, மூன்றாவது குழந்தை அதே இடத்தில் இடித்துக்கொண்ட பிறகு. காப்பித்தூள் பையன் இரண்டாவது. முதலில் இடித்துக்கொண்டது யார் என்று அன்று நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். அந்தப் பக்கத்தில் சாக்பீஸ் வாங்கிய கணக்கு மட்டும் இருந்தது.